டெய்சிக்கு இன்னும் சுகமாகல்ல

இல்ல டாக்டரே, பூனையக் கொண்டுவரல்ல. இந்தக் கூடையில குடையும் ரெண்டு கட்டு கீரையும்தான் இருக்கு, எட்டிப் பாக்கண்டாம். எப்பிடி இருக்குன்னு வாயாலயே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். முறைப்படி டோக்கன் எடுத்துதான் உக்காந்திருந்தேன், கேட்டோ. அந்த அல்சேஷன்காரருக்கு அவசரம்னா அவரு முதல்ல காட்டட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்ல, ரிட்டயர் ஆனவனுக்கு என்ன அவசரம். அவரு ஊசி போட்டாச்சா? அப்பம் செரி, உக்காருதேன்.

தமிழ்லயே பேசட்டா? மலையாளம் நல்லா வரும். முப்பத்தோரு வருசம் தம்பானூர் டிப்போவுல கண்டக்டரு நான், மலையாளத்துல சண்ட போடாம ஒரு நாளு கழிஞ்சதில்ல. ஆனா வீட்டுக் காரியம் சொல்லணும்னா தமிழ்தான் வருது. நீங்க பாறசாலைக்காரின்னு ரெனி சொல்லியிருக்கா. அது தமிழ்நாட்டு எல்லையாச்சே, அப்ப கொழப்பமில்ல, ஒங்களுக்குப் புரியும்.

ஆமா, ராஜையன். கரமனை. ரெனிக்க அப்பா. டெய்சின்னு அந்த வெள்ளப் பூனை, முதுகுல மஞ்சப் புள்ளி உண்டு. ஜூன் எட்டாந்தேதி நீங்கதான் அதுக்குக் கெர்ப்பப்பைய எடுத்துவிட்டது. அதுக்குத்தான் இன்னும் சுகமாகல்ல.

ஏழு வாரம், ஆமா. பத்து நாளுல செரியாகும்னு நீங்க சொன்னதுதான், நான் மறக்கல்ல. ஒங்கமேல ஒரு குத்தமும் சொல்ல வரல்ல. முதல்லருந்து சொல்லுதேன், கேளுங்க.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டு போனேன் இல்லியா, கூடையத் தொறந்ததும் அது நடந்த நடையப் பாக்கணும். கள்ளுஷாப்புலருந்து நேரா வந்து பஸ்ஸுல ஏறுற ஆளப்போல. சுவர்ல போய் முட்டும், முட்டிட்டு சுவரப் பாத்து மொறைக்கும். கடைசியில என்னப் பாத்து ஒரு பார்வை. நான் சொன்னேன், எளவே, என்ன எதுக்குப் பாக்குத, தேதி வாங்குனது ஒனக்க முதலாளியம்மா ரெனி, நான் கொண்டுபோய் விட்டவன் மாத்திரந்தான்னு. அதுக்குப் புரிஞ்ச மாதிரி தெரியல்ல.

குதிக்க விடப்பிடாதுன்னு சொன்னீங்க. பூனையக் குதிக்காதன்னு சொல்லுறது எப்பிடி டாக்டரே? ஓடுற பஸ்ஸுல படியில நிக்காதன்னு காலேஜ் பிள்ளைங்ககிட்ட முப்பத்தோரு வருசம் சொல்லிப் பாத்தவன் நான். அலமாரிக்கு மேல ஏறும், அங்கருந்து சன்னல், அங்கருந்து எனக்க கட்டில். பின்ன, நக்கப்பிடாதுன்னு கழுத்துல வட்டம் கெட்டச் சொன்னீங்களே. எனக்க கெட்டியவ எலிசாளுக்கு முட்டுவலி, அவளுக்க பழைய எக்ஸ்ரே ஒண்ணு கிடந்து. அத வெட்டிக் கூம்பு போல தச்சு மாட்டிவிட்டா. பூனை வெளிச்சத்துப் பக்கம் திரும்பினா போதும், அதுக்க தலையச் சுத்தி எனக்க கெட்டியவளுக்க முட்டெலும்பு தெரியும். வீட்டுக்கு வந்த போதகரு ஜெபிக்கக் கண்ண மூடுறதுக்குப் பதிலா அதையே பாத்துட்டு இருந்தாரு.

அதையும் நாலாம் நாள் கழத்திப் போட்டு. தையல் ஒண்ணக் கடிச்சுப் பிரிச்சு, வயிறு எலுமிச்சங்கா அளவுக்கு வீங்கிட்டு. மழைக்கோட்டுக்குள்ள பொதிஞ்சு ஓடி வந்தேனே, நீங்கதான் கழுவி மறுபடி தச்சு ஊசி போட்டீங்க. சோறு வேண்டியதா இருந்தா மாத்திரம் வீட்டுக்கு வாற ஒரு சென்மம், அதுக்கு இவ்வளவு ஓட்டமான்னு நானே நினைச்சேன்.

பின்ன எலிசாள் எனக்க பழைய யூனிபாரச் சட்டைய வெட்டி வயித்தச் சுத்திக் கெட்டுற மாதிரி ஒரு உடுப்பு தச்சா. நாடா வச்சு முதுகுல முடிச்சு. நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருசமாச்சு டாக்டரே, இப்பம் எனக்க வீட்டுல காக்கி போட்டிருக்குறது அது ஒண்ணுதான். நடையும் அதுக்குத் தகுந்தாப்ல மாறிட்டு. வீட்டுக்கு வாற ஆள மேலயும் கீழயும் பாக்கும், டிக்கட்டு எங்கன்னு கேக்குற மாதிரி. காலத்தயும் சாயங்காலமும் அதுக்க வாயப் பிளந்து மருந்து ஊத்துனது நான்தான். கையப் பாருங்க. சபையில கேட்டாங்க, ராஜையா, முள்வேலி கெட்டுறியான்னு.

ஜூன் இருபத்திரண்டு தையல் பிரிச்சீங்க. தடவிப் பாத்துட்டு, ஜோரா இருக்கு, இனிமே வராண்டாம்னு சொன்னீங்க. அங்கதான் டாக்டரே பிரச்சினையே தொடங்குனது.

அன்னைக்குச் சாயங்காலமே சீழ் வச்சிட்டு. மூணு நாள் கழிச்சுக் காய்ச்சல். ஜூலை பிறந்ததும் தீனி எடுக்கல்ல. பின்ன பின்னங்கால் ஒண்ண இழுத்து இழுத்து நடந்து. போன வாரம் முடி கொட்டிச்சு. இப்பம் மூணு நாளா வலது கண்ணுலருந்து வெள்ளம் வடியுது.

கண்ணுக்கும் இந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தமில்லியா? அப்பிடியா? அது எலிசாள் சொன்னது. நான் அப்பமே நினைச்சேன், கண்ணு கொஞ்சம் தூரமாச்சேன்னு. செரி, கண்ண விட்டுருவோம். காலு வரலாமா? காலு வரலாம்னா காலு இருக்கட்டும்.

இல்ல, ஏன் அஞ்சு வாரமா கொண்டுவரல்லன்னு நீங்க கேக்குறது நியாயம். இப்பமே ஆட்டோவுல போய்க் கொண்டுவரச் சொல்லுறதும் நியாயம். கொண்டுவந்தா நீங்க பாத்துருவீங்களே டாக்டரே. அதுதான் சங்கடம்.

காரியம் இதுதான். நாளைக்குக் காலத்த பத்து மணிக்கு ரெனி ஒங்களுக்கு போன் செய்வா, எறணாகுளத்துலருந்து. இவ்வளவு நாளாச்சு, அப்பா சொல்லுறது ஒண்ணும் புரியல்ல, டாக்டர்ட்ட நானே கேக்குதேன்னுட்டா. அதுக்கு முன்னால ஒங்களப் பாத்துறணும்னுதான் சாயாகூடக் குடிக்காம ஓடி வந்தேன்.

ரெனி எறணாகுளத்துல இருக்குறது ஒங்களுக்குத் தெரியும், எதுக்கு இருக்கான்னு தெரியுமோ என்னவோ. போன நவம்பர்ல போயிட்டா. ஷிஜுன்னு ஒரு பையன், நெடுமங்காட்டுக்காரன், நம்ம வேதமில்ல, வேற மதம். ரெஜிஸ்டர் ஆபீசுல வச்சு கெட்டிட்டாங்க. ஆளுக்க மூஞ்சியப் பாத்தே டிக்கட்டு எடுக்காதவனக் கண்டுபிடிக்கிறவன்னு டிப்போவுல எனக்குப் பேரு. ஒரு வருசமா அவன மனசுல வச்சுக்கிட்டு எனக்க எதுத்தாப்ல உக்காந்து சோறு தின்னவ மூஞ்சிய மாத்திரம் எனக்கு வாசிக்கத் தெரியல்ல.

கோபமா? இருந்து. இருந்துன்னுதான் வெளிய சொல்லுதேன். ஆனா கோபம் தீர்ந்தாலும் பேச முடியாது, அதுல ஒரு சிக்கல் உண்டு. எங்க சபைக் கமிட்டியில எட்டு வருசத்துக்கு முன்ன ஒரு தீர்மானம் போட்டாங்க. சபைக்கு வெளிய கெட்டிப்போற பிள்ளைய வீட்டுல சேக்கப்பிடாது, நல்லது கெட்டது விசாரிக்கப்பிடாது. மீறுனா அந்த வீட்டுக்குத் திருவிருந்து கிடையாது, கல்லறைத் தோட்டத்துல இடமும் கிடையாது.

கெட்ட தீர்மானந்தான், இல்லேங்கல்ல. எவன் எழுதுனதுன்னா கேக்கீங்க? நான்தான் எழுதுனேன்.

வரிக்கு வரி எனக்க கையெழுத்து. ஒரு ஓட்டை இல்லாம எழுதணும்னு மூணு ராத்திரி உக்காந்தேன். எழுதி முதல்ல யார் தலையில போட்டேன்னு கேளுங்க. பக்கத்து வீட்டு ஜெபசிங். எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே மதிலு. அவனுக்க மூத்த மவன் ஒரு நாயர் பிள்ளையக் கெட்டினான். கமிட்டியில நான் தீர்மானத்த வாசிச்சேன், ஜெபசிங் கடைசி வரி வரைக்கும் கேட்டுட்டு எந்திரிச்சுப் போனான். அவனுக்க கெட்டியவ பேரப்பிள்ளைய மூணு வயசுலதான் முதல்ல பாத்தா டாக்டரே, அதும் மிருகசாலையில வச்சு, யாரோ பிள்ளையப் பாக்குற மாதிரி. கொரங்குக் கூட்டுக்கு முன்னால அந்தப் பிள்ளைக்கு ஒரு கடலைப் பொட்டலம் வாங்கிக் குடுத்துட்டுத் திரும்பி வந்தா. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு ஒண்ணும் தோணல்ல. இப்பம் நினைச்சா நெஞ்சு எரியுது. ரெம்ப எரியுது.

அதனால நவம்பர்லருந்து மே வரைக்கும் எங்க வீட்டுல ரெனின்னு ஒரு பேரே இல்ல. மேயில ஒரு நாள் போன் வந்து. அப்பா, வச்சிராதீங்க, பூனை விசயம்னு சொன்னா.

நான் வைக்கல்ல. தீர்மானத்துல பூனையப் பத்தி ஒண்ணும் கிடையாது, எழுதுனவனுக்குத் தெரியாதா? டெய்சி வருசத்துக்கு மூணு தடவ குட்டி போட்டு எலும்பும் தோலுமாப் போச்சுன்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கா, ஒங்ககிட்ட தேதி வாங்கியிருக்கேன், கொண்டுபோய் விட்டா மாத்திரம் போதும்னா. நான் ம்-னேன். ஆறு மாசத்துக்கு அப்பறம் எனக்க மவகிட்ட நான் பேசுன பேச்சு அந்த ம் தான்.

ஆபரேஷன் ஆன நாள்லருந்து தினமும் சாயங்காலம் ஆறரைக்கு போன் வரும். நான் இந்தப் பக்கம் காத வைப்பேன், எலிசாள் அந்தப் பக்கம் காத வைப்பா, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ரிசீவர். பூனையப் பத்தி மாத்திரந்தான் பேச்சு. தீர்மானத்த நான் மீறல்ல, கேட்டோ. அவளும் எனக்க மவதானே, எல்லை எதுன்னு அவளுக்கும் தெரியும். அம்மைக்கு முட்டுவலி எப்பிடின்னு கேக்க மாட்டா. பூனை படி ஏறுதான்னு கேப்பா. ஏறுது, ஆனா பைய ஏறுதுன்னு சொல்லுவேன். பூனைக்கு உப்பு கொறச்சுக் குடுங்கப்பா, அதுக்குப் பிரஷர் உண்டுல்லா, அப்பிடிம்பா. செரின்னு சொல்லிட்டு அன்னைக்கு எனக்க தட்டுல கருவாட்ட ஒதுக்கி வச்சிருவேன்.

ஆமா டாக்டரே. ஆமா. நீங்க நினைக்குறது செரிதான். பூனைக்கு ஒண்ணுமில்ல. அஞ்சு வாரமா ஒண்ணுமில்ல. இந்நேரம் ஜெபசிங் வீட்டு மதில்ல உக்காந்து சாளை மீன் தலை தின்னிட்டு இருக்கும். முன்ன இருந்ததுல ஒண்ணரை மடங்கு தடிச்சிட்டு, காக்கிச் சட்டைக்கு நாடா எட்டல்ல.

சிரிக்கணும்னா சிரிங்க. ஏசணும்னாலும் ஏசுங்க, ஒங்க வேலைக்குக் கெட்ட பேரு உண்டாக்குனவன் நான்.

தையல் பிரிச்ச அன்னைக்கு, ஜோரா இருக்குன்னு சொல்லத்தான் போனை எடுத்தேன், சத்தியமா. எனக்க வாயிலருந்து வந்தது, சீழ் வச்சிருக்குன்னு. எலிசாள் ரிசீவருக்கு அந்தப் பக்கத்துலருந்து என்னை ஒரு பார்வை பாத்தா. பொய் சொன்னா இருபத்தெட்டு வருசமா அவ என்ன விட்டதில்ல, வேதவசனத்தோட வருவா. அன்னைக்கு ரிசீவரு பக்கம் இன்னும் நெருங்கி உக்காந்தா. மூணாம் நாள் நான் திணறி நிக்கும்போது அவளே பைய எனக்க காதுல, காய்ச்சல்னு சொல்லுங்கன்னா. அப்பறம் எல்லாம் அவதான். காலு அவ சொன்னது, முடி அவ சொன்னது. கண்ணுலதான் கொஞ்சம் தப்பாப் போச்சு.

ஜெபசிங்குக்கும் தெரியும். அவன் மதில்லதானே அது கிடக்குது. நான் பயந்துட்டேன் டாக்டரே. இப்பம் அவன்தான் கமிட்டி செக்ரட்டரி, ஒரு வார்த்த சொன்னா நான் தீர்ந்தேன், சொல்லுறதுக்கு அவனுக்கு நியாயமும் உண்டு. போன வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் எங்க வீட்டுல. பத்துப் பன்னிரண்டு பேரு உக்காந்திருக்காங்க. ஜெபசிங் கண்ண மூடி ஜெபிக்குதான், கர்த்தாவே, ராஜையன் வீட்டுல சுகமில்லாமக் கிடக்குற அந்தச் சின்ன சீவனத் தொடும், ஆனா அவசரப்படாமத் தொடும்னு. எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நான் மாத்திரம் கண்ணத் தொறந்து பாத்தேன். பூனை அந்நேரம் அவனுக்க மடியில கிடந்து.

போகும்போது வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னான், ராஜையா, ஒனக்க தீர்மானத்துல ஏழாவது வரிய வாசிச்சுப் பாருன்னு. நானே மறந்துட்டேன். வீட்டுல கடும் நோயாளி உண்டானால், வைத்தியர் சீட்டின் பேரில், விலக்கப்பட்டவர் வந்து தங்கி, நோய் தீரும்வரை பார்க்கலாம். அந்தக் காலத்துப் போதகரு கெஞ்சிக் கேட்டாருன்னு சேத்த வரி. நோயாளின்னுதான் எழுதியிருக்கேன் டாக்டரே. மனுசன்னு எழுதல்ல. ஓட்டையில்லாம எழுதுனேன்னு நினைச்சிருந்தேன், கர்த்தரு எங்கயோ கைய வச்சிருக்காரு.

அதனால ஒங்க லெட்டர்பேடுல ஒரு சர்டிபிக்கட் வேணும். ஆபரேஷனுக்கு அப்பறம் உண்டான கோளாறு, உடையவங்க பக்கத்துலயே இருந்து பாக்கணும், வேற ஆளு பத்தாதுன்னு. ஜெபசிங் கமிட்டியில வாசிச்சுப் பதிவு செய்யுதேன்னு சொல்லியிருக்கான். எதுத்துப் பேசுற ஒருத்தன் கமிட்டியில உண்டு, அது நான்தான், நான் அன்னைக்கு லீவு. நாளைக்கு ரெனி கேக்கும்போது நீங்களும் அதையே சொல்லணும். ஆனா பயப்படுத்தாமச் சொல்லணும், சாகுற சீக்கு வேண்டாம். ஒரு பதட்டமும் இல்லாத, ஆனா ஆளு வந்தே தீரணும்ங்கிற மாதிரி ஒரு சீக்கு.

எனக்குச் சீக்குன்னு சொல்லலாமேன்னு கேக்கீங்க. சொன்னா கமிட்டி முழுசும் ஆரஞ்சுப் பழத்தோட வந்து கட்டிலச் சுத்தி நிக்கும். எலிசாளப் படுக்கச் சொன்னா, சீக்குன்னு சொன்னா சீக்கு வந்துரும்னு படுக்க மாட்டா. அதும் இல்லாம, அப்பாவுக்குச் சுகமில்லன்னு கேட்டு ரெனி பதறப்பிடாது. இப்பம் அவ பதறப்பிடாத சமயம். பூனைன்னா கவலைப்படுவா, பதற மாட்டா.

பொய்யில்ல டாக்டரே. ஆபரேஷன் உள்ளது. தையல் பிரிஞ்சது உள்ளது. தேதிதான் கொஞ்சம் நீளுது.

எத்தன நாளைக்கா? மூணு மாசம்னு எழுதுங்க. அக்டோபர் முடியுற வரைக்கும். தேவைப்பட்டா பின்ன நீட்டிக்கலாம்.

ஒரு பூனைக்கு மூணு மாசம் எதுக்குன்னா…

அந்தத் தையல் பிரிச்ச அன்னைக்கு நான் வாயத் தொறக்கும் முன்ன அவதான் பேசுனா. டெய்சிக்கு இனிமே குட்டி வராது, இல்லியாப்பா, எனக்கு அக்டோபர் கடைசியிலன்னா. அவ்வளவுதான். சொன்ன வாயோடயே, பூனை எப்பிடி இருக்குன்னு கேட்டுட்டா, நான் ஒண்ணும் பதில் சொல்ல வேண்டி வரப்பிடாதுன்னு. ஜோரா இருக்குன்னு நான் சொல்லியிருந்தா அவ போனை வச்சிருப்பா டாக்டரே. மறுநாளு கூப்பிட அவளுக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது.

அவளுக்கு இது ஏழாம் மாசம். எங்க பக்கம் ஏழாம் மாசம் பலகாரத்தோட போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வரணும், தலைச்சன் பிரசவம் பெத்த வீட்டுலதான். ஒங்க பாறசாலையிலயும் அப்பிடித்தானே?

எலிசாள் நேத்துலருந்து அடுப்படியில நிக்கா, அந்த முட்டுவலிய வச்சுக்கிட்டு. பயறு வறுத்து, பாகு காச்சி, முந்திரிக்கொத்து சுட்டுச் சுட்டுப் போடுதா. ரெண்டு பெரிய தகர டின்னு நிறஞ்சிட்டு. இவ்வளவும் யாருக்குட்டீன்னு கேட்டேன். தலை நிமுரல்ல டாக்டரே. பூனைக்குன்னுட்டா.